அவரவர் நிறத்துக்கு

வாரம் முழுக்கத் தொழிற்பேட்டைக்குள் ஷிப்டு பார்க்கிற பெண்களுக்கு நிதானமாக முகம் பார்த்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கிடைக்கிறது. அதனால் புதுச்சேரியின் சேதராப்பட்டில் என் பார்லரிலும் அன்றைக்குத்தான் வேலை அதிகம். கரசூர், துத்திப்பட்டு, தொண்டமாநத்தம், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊர்கள் என்று பல இடங்களிலிருந்தும் வருவார்கள். புருவம் திருத்த வந்தேன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நூல் வேலை முடிந்து கண்ணாடியில் முகத்தைப் பார்க்கும்போது விரல் தானாக ஓர் இடத்துக்குப் போகும். கன்னத்து மங்கு, தாடையில் பரு வந்து போன கறுப்பு, கண்ணுக்குக் கீழே வளையம், எப்போதோ அம்மை போட்ட குழி. "அக்கா, இத மட்டும் தெரியாம பண்ண முடியுமா?" என்று அப்போதுதான் கேட்பார்கள்.

முடியும். ஆனால் அவர்கள் கையோடு வாங்கி வருகிற கன்சீலரால் பெரும்பாலும் முடியாது. அது அவர்கள் தோலைவிட ஒரு படி, இரண்டு படி வெளுப்பாக இருக்கும். கறுப்பின் மேல் வெளுப்பைத் தடவினால் கறுப்பு போய்விடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். தடவினால் அந்த இடம் சாம்பல் பூத்துத் தனியாகத் தெரியும். நேற்றுவரை யாரும் கவனிக்காத தழும்பை இன்று எதிரே வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். தழும்பை மறைக்கிற பொருள் அவரவர் தோலின் நிறத்திலேயே இருக்க வேண்டும். சில இடங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் செம்மையாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதில்தான் என் தொழிலின் பாதி நேரம் போகிறது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

நிறம் கலப்பதை நான் முதலில் பார்த்தது என் பெரியப்பாவிடம். மயிலம், வானூர்ப் பக்கத்துத் திருவிழா நாடகங்களுக்கு அவர் வேஷம் போட்டுவிடுவார். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, அதில் மஞ்சளும் சிவப்பும் சேர்த்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துத்தான் நடிகரின் முகத்துக்குக் கொண்டுபோவார். "கடைசி வரிசைக்குத் தெரியணும்" என்பது அவருடைய கணக்கு. அதற்காகவே தடிமனாகப் போடுவார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக்காரர்கள் அங்கே அஞ்சலி செலுத்த வருவார்கள். பெரியப்பா என்னையும் கூட்டிப்போவார். வேஷம் இல்லாத நடிகர் முகங்களை நான் பக்கத்தில் பார்த்தது அங்கேதான். இரவெல்லாம் மேடையில் ராஜாவாக நின்றவரின் கன்னத்தில் பெரிய பெரிய துவாரங்கள் இருக்கும், நெற்றியில் கருமை திட்டுத்திட்டாக இருக்கும். பூசுவதைப் போலவே துடைப்பதும் ஒரு வேலை என்று எனக்கு அந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இன்று நாம் பயன்படுத்துகிற கன்சீலர் ஸ்டிக்கும் அந்த வழியில் வந்ததுதான். மேடையிலிருந்தும் சினிமாவிலிருந்தும் இறங்கி வந்தது. ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் பேன்கேக் என்ற மேக்கப்பைக் கொண்டுவந்தது, 1940களின் இறுதியில் பேன்ஸ்டிக்கை விற்றது. தழும்பை மட்டும் மறைப்பதற்கென்று இரேஸ் என்ற குச்சியை அது 1954-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சென்னையில் ஜெமினி ஸ்டுடியோ எவ்வளவு பேன்கேக் வாங்கித் தீர்த்தது என்பதை அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் தன் நினைவுக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார். பெர்லினில் 1945-இல் தொடங்கிய க்ரையோலான் நிறுவனத்தின் டிவி பெயிண்ட் ஸ்டிக் இன்றைக்கும் தமிழ்நாட்டுக் கல்யாண மேக்கப் பெட்டிகளில் இருக்கிறது. சுடுகிற விளக்குகளுக்கும் தூரத்துக் கண்களுக்கும் பிறந்த பொருள் இது. என் கல்யாணப்பெண்ணை ஒரு கை தூரத்தில் நின்று மாமியார் பார்ப்பார், அதைவிடப் பக்கத்தில் கேமரா பார்க்கும். அதனால் பெரியப்பாவின் கணக்கை நான் திருப்பிப் போட வேண்டியிருந்தது. எவ்வளவு குறைவாகப் போட்டு முடிக்க முடியும் என்பது என் கணக்கு.

யார் வந்தாலும் முதலில் முகத்தைக் கழுவச் சொல்லி வாசலுக்குக் கூட்டிப்போவேன். டியூப் லைட் வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் கூடித் தெரியும், மஞ்சள் பல்பில் எல்லாத் தழும்பும் மெலிந்து தெரியும். பகல் வெளிச்சம் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். நேர் வெயில் வேண்டாம், வாசல் நிழல் போதும்.

அங்கே நான் முதலில் பார்ப்பது, இது நிறமா, பள்ளமா, மேடா என்பதை. கன்சீலர் நிறத்தை மட்டுமே மாற்றும். பருக்குழியை எந்தக் கன்சீலரும் நிரப்பாது. மினுமினுப்பான திரவத்தைப் போட்டால் குழியின் விளிம்பு பளபளத்து இன்னும் ஆழமாகத் தெரியும். குழி உள்ள கன்னத்துக்கு மினுமினுப்பு இல்லாத மேட் வகையை மெல்லியதாகப் போட்டு விட்டுவிடுவதுதான் நல்லது. இதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். "குழி அப்படியேதான் இருக்கும், நிறம் மட்டும் சேரும்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டால்தான் கண்ணாடி முன்னால் முகம் வாடுகிறது.

பரு உடைந்து ஈரமாக இருந்தால் அதன் மேல் எதையும் போடமாட்டேன். மச்சம் சமீபத்தில் பெரிதாகியிருந்தாலோ, ஓரம் கலைந்திருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ மேக்கப் பேச்சே கிடையாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கண்ணுக்குக் கீழே இருப்பதற்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. கையில் கண்ணாடியைக் கொடுத்து முகத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கச் சொல்வேன். கருமை மறைந்துவிட்டால் அது குழிவின் நிழல், நிறமே இல்லை. நிழலுக்குத் தோலின் நிறத்தில் மெல்லிய திரவம் ஒரு துளி போதும். கருமை அப்படியே நின்றால் தோலில் நிறமி கூடியிருக்கிறது. ஊதாவும் நீலமும் கலந்து தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தக்குழாய்கள் தெரிகின்றன. கீழ் இமையை இழுத்துப் பார்க்கும்போது உள்பக்கம் வெளிறிக் கிடந்தால், "ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கோ பாப்பா" என்று சொல்லி அனுப்புவேன். இரவு ஷிப்டும் அரைச் சாப்பாடுமாக ஓடுகிற பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். ரத்தசோகைக்கு என் பெட்டியில் மருந்து இல்லை.

அடுத்தது நிறம். நம் ஊர்த் தோலுக்கு அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியது இதில்தான் இருக்கிறது. தோலின் மேலடுக்கில் தங்கிய நிறமி பழுப்பாகத் தெரியும். அதே நிறமி ஆழத்தில் இறங்கியிருந்தால், ஒளி சிதறி வெளியே வரும்போது சாம்பலும் நீலமுமாகத் தெரியும். பழைய மங்கிலும் கண்வளையத்திலும் இந்த நீலச்சாயல் இருக்கும். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு. மாநிறத்துக்குப் பீச் நிறமும், கறுத்த தோலுக்கு நல்ல ஆரஞ்சும், இன்னும் கறுத்த தோலுக்குச் செங்கல் சிவப்பு கலந்த ஆரஞ்சும் முதலில் மிக மெல்லியதாகப் போக வேண்டும். இதற்குக் கரெக்டர் என்று பெயர். அது நீலத்தை அடித்துவிடும். அதன் மேல் தோலின் நிறத்துக் கன்சீலரைப் போட்டால் பாதி அளவே போதும். கரெக்டர் இல்லாமல் கன்சீலரை மட்டும் அடுக்கினால் மூன்று அடுக்குப் போட்டாலும் அடியிலிருந்து சாம்பல் எட்டிப் பார்க்கும்.

இணைய வீடியோக்களில் சிவந்த பருவுக்குப் பச்சைக் கரெக்டர் போடுவதைப் பார்த்துவிட்டுப் பல பெண்கள் பச்சைக் குச்சியோடு வருகிறார்கள். வெள்ளைக்காரத் தோலில் பரு ரோஜாச் சிவப்பாக இருக்கும், அங்கே அது சரி. நம் தோலில் பரு பழுப்புச் சிவப்பாகவோ ஊதாவாகவோ வருகிறது, போன பின்னால் கறுப்பாக நிற்கிறது. அதன் மேல் பச்சை போட்டால் பச்சையாகவே தெரியும். மஞ்சள் கூடிய கன்சீலரே போதும்.

இந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டோம். கன்சீலரில் மறைக்கிற சக்தி பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைத் தூளிலிருந்து வருகிறது. தோல் நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடுகள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று அவை மூன்று. எந்த ஷேடும் இந்த நான்கின் கலவைதான். வெளிர் ஷேடில் வெள்ளைத் தூள் கூடுதல், ஆழ்ந்த ஷேடில் இரும்பு கூடுதல். வெள்ளைத் தூள் கூடிய ஷேடைக் கறுத்த தோலில் போட்டால் சாம்பல் வருவது அந்தத் தூளின் இயல்பு. கல்யாண போட்டோவில் ஃபிளாஷ் அடித்ததும் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பிறைகள் தெரிவதற்கும் பெரும்பாலும் அதுவும் மேலே தூவிய பவுடரும்தான் காரணம்.

ஷேடுகள் கிடைப்பது இப்போது எவ்வளவோ மேல். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் புதுச்சேரிக் கடைகளில் கிடைத்த ஷேடுகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். எல்லாமே வெளுப்புப் பக்கம்தான் இருக்கும். கறுத்த பெண்ணுக்கு மேக்கப் போட ஐப்ரோ பென்சிலின் பழுப்பைச் சுரண்டி ஸ்டிக்கில் குழைப்போம். ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017-இல் 40 ஷேடுகளோடு பவுண்டேஷனை இறக்கிய பிறகு மற்ற நிறுவனங்களும் ஷேடுகளைக் கூட்ட வேண்டி வந்தது. தோல் மருத்துவத்தில் 1975-இலிருந்து புழங்கிய ஃபிட்ஸ்பேட்ரிக் அளவில் ஆறு வகைகள்தான் உண்டு. அதுவும் வெயிலில் தோல் எப்படிக் கன்றுகிறது என்பதை வைத்துப் பிரித்தது. எல்லிஸ் மங்க் என்ற சமூகவியல் பேராசிரியர் உருவாக்கிய பத்து நிற அளவை 2022-இல் கூகுள் வெளியிட்டது. இப்போது இந்திய நிறுவனங்களும் மஞ்சள் கூடியது, ஆலிவ் கூடியது, செம்மை கூடியது என்று பிரித்து விற்கின்றன. சேதராப்பட்டில் இருந்துகொண்டே ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பொருள் கிடைக்கிறது, தேர்ந்தெடுக்கிற கண் மட்டும் இன்னும் வெளுப்பையே தேடுகிறது. அதற்குப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளை நானும் கேட்டிருக்கிறேன். ஒரு பெண் பத்தாம் வகுப்பிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறாள். அவள் கை எந்த ஷேடை எடுக்கும்?

ஷேடைப் புறங்கையில் தேய்த்துப் பார்க்க வேண்டாம். புறங்கை வெயில் பட்டது, முகத்தைவிடக் கறுப்பாக இருக்கும். தாடை ஓரத்தில் மூன்று ஷேடுகளை மூன்று கோடாக இழுத்து, வாசலுக்கு வந்து இருபது நிமிடம் காத்திருங்கள். தோலின் எண்ணெயில் ஊறியதும் பல கன்சீலர்கள் அரைப்படி கறுக்கும். காத்திருந்த பிறகு எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றியுள்ள இடமும் கன்னத்தைவிடக் கறுப்பாக இருக்கும். அது இயல்பு. அதற்காக ஒரே முகத்துக்கு இரண்டு ஷேடு வாங்க வேண்டி வந்தால் வாங்கத்தான் வேண்டும்.

இனி திரவமா, ஸ்டிக்கா என்ற கேள்வி.

திரவக் கன்சீலரில் நிறமி, தண்ணீரோ ஆவியாகிப் போகிற சிலிக்கோனோ கலந்த கலவையில் மிதக்கிறது. பூசிய சில நிமிடங்களில் அந்தச் சிலிக்கோன் பறந்துவிடும், நிறமி மெல்லிய படலமாகத் தோலோடு ஒட்டி நிற்கும். அதனால் பூசியவுடன் தேய்க்க வேண்டும், காய்ந்த பிறகு தேய்த்தால் உரியும். மெல்லிய தோலுக்கும், சிரித்தால் மடிகிற இடத்துக்கும், பரவலான லேசான கருமைக்கும் திரவம்தான். கண்ணுக்குக் கீழே முக்கோணம் முக்கோணமாக அடித்து நிரப்ப வேண்டியதில்லை. மூக்கோரத்து உள்மூலையில் ஒரு பொட்டு, வெளிமூலையில் ஒரு பொட்டு வைத்து மோதிர விரலால் தட்டினால் போதும். மோதிர விரலுக்கு அழுத்தம் குறைவு. விரலின் சூட்டிலேயே அது தோலோடு சேர்ந்துவிடும். பிளெண்டர் ஸ்பாஞ்ச் வைத்தால் நனைத்து, பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி வைக்க வேண்டும். காய்ந்த ஸ்பாஞ்ச் பாதியைக் குடித்துவிடும்.

அடியில் போட்ட கிரீமும் மேலே போடுகிற கன்சீலரும் ஒத்துப்போக வேண்டும். தண்ணீர் கூடிய மாய்ஸ்சரைசர் உறிஞ்சப்படும் முன் சிலிக்கோன் கன்சீலரைப் போட்டால், ஈரச் சுவரில் அடித்த டிஸ்டம்பர் மாதிரி திரிதிரியாகப் பெயர்ந்து வரும். ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். கன்சீலர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடப்போன பல டியூப்களை இப்படித்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டிக்கில் மெழுகும் எண்ணெயும் நிறமியும் மட்டும்தான். தண்ணீர் கிடையாது. அதனால் நிறமியின் அளவு கூடுதல், மறைக்கிற சக்தியும் கூடுதல். ஒரு மச்சம், ஒரு பருக்கறுப்பு, ஒரு தீக்காயத் தழும்பு என்று எல்லை தெரிகிற அடையாளங்களுக்கு ஸ்டிக்தான் என் தேர்வு. நேராக முகத்தில் தேய்ப்பது தவறு. தேய்த்தால் ஓரத்தில் கோடு விழும், பரு இருந்தால் கிருமி குச்சியில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேட்டுலாவால் சுரண்டி, தட்டிலோ புறங்கையிலோ வைத்துச் சூடேற்றி, சின்னப் பிரஷ்ஷின் நுனியில் எடுத்து, தழும்பின் நடுவில் வைத்து ஓரத்தை மட்டும் தட்டித் தட்டிக் கரைக்க வேண்டும். நடுப்பகுதியைத் தொடக் கூடாது. தொட்டால் போட்டதெல்லாம் ஓரத்துக்கு நகர்ந்து, தழும்பு மறுபடி வெளியே வந்துவிடும். மெழுகு தானாக உலராது, பவுடர் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். முகத்தில் எண்ணெய் வழிகிறவர்களுக்கும் பரு அடிக்கடி வருகிறவர்களுக்கும் ஸ்டிக்கை முகம் முழுக்கப் பேஸாகப் போடவே கூடாது. துவாரங்களை அடைக்கும். டப்பாவில் ஐசோப்ரொப்பைல் மிரிஸ்டேட் என்றோ தேங்காய் எண்ணெய் என்றோ முன்வரிசையில் எழுதியிருந்தால் பருமுகம் அதைத் தவிர்ப்பது நல்லது.

எங்கள் பக்கத்து வெயிலையும் சொல்ல வேண்டும். வைகாசி முகூர்த்தம் என்றால் மயிலம் மலைக்கோயிலில் விடியற்காலையிலேயே காற்று கனமாக இருக்கும். பெண் பட்டுப்புடவையோடு படியேறுவாள், ஏறும்போதே நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை துளிர்க்கும். கடல் பக்கத்து ஈரக்காற்றில் அந்த வியர்வை காயாது. ஸ்டிக்கை மட்டும் நம்பிப் போட்டால் மெழுகு இளகி மூக்கோரத்தில் தேங்கும். அதனால் கோயில் கல்யாணத்துக்கு நான் முதலில் மெல்லிய திரவத்தைப் போட்டு உலரவிடுவேன். தழும்பு உள்ள இடத்தில் மட்டும் ஸ்டிக், அதன் மேல் பவுடரைப் பஃபால் அழுத்தி வைத்துச் சில நிமிடம் விட்டு உதிர்ப்பேன். மண்டபத்தில் ஏசி ரிசப்ஷன் என்றால் கதை வேறு. அங்கே தோல் வறண்டு, கூடப் போட்ட பவுடர் கண்ணுக்குக் கீழே வரிவரியாக வெடிக்கும். அங்கே பவுடரைக் குறைத்துவிடுவேன். சித்திரை, வைகாசியில் ஸ்டிக்கை ஸ்கூட்டி டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உருகி மறுபடி உறைந்த ஸ்டிக்கில் மெழுகும் நிறமியும் பிரிந்து, ஒரு பக்கம் வெளுப்பும் ஒரு பக்கம் கறுப்புமாக வரும்.

வியர்த்தால் மேலும் மேலும் பூசுவதுதான் பெரும்பாலானவர்களின் பழக்கம். டிஷ்யூவை வைத்து ஒற்றி எடுங்கள், அப்புறம் தேவைப்பட்ட இடத்தில் ஒரு பொட்டு. வியர்வையின் மேல் போடுகிற எதுவும் நிற்காது.

வெண்புள்ளி உள்ளவர்களுக்குச் செய்கிற வேலையை நான் மற்ற வேலைகளோடு சேர்ப்பதில்லை. மகனுடைய நிச்சயதார்த்தத்துக்காக ஓர் அம்மா வந்தார். உதட்டோரத்திலும் கண்ணோரத்திலும் விரல் நுனிகளிலும் வெள்ளை. அவர் சொன்னது ஒன்றுதான். "பாக்கறவங்க கேள்வி கேக்காம இருந்தா போதும்மா. அழகா எல்லாம் வேணாம்." வெண்புள்ளி தொற்றாது, அதற்கும் தொழுநோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நிறமி தருகிற செல்கள் உடலின் எதிர்ப்புச் சக்தியாலேயே அழிகின்றன, அவ்வளவுதான். ஜூன் 25-ஐ உலக வெண்புள்ளி நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இத்தனை சொல்லியும் பந்தியில் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

இங்கே கரெக்டர் வேண்டாம். அடிக்க வேண்டிய நீலம் எதுவும் இல்லை, நிறம் முழுவதையும் நாமே கொடுக்க வேண்டும். நிறமி மிகக் கூடுதலாக உள்ள கேமஃபிளாஜ் ஸ்டிக்கோ கிரீமோதான் சரி. சாதாரணத் திரவம் வெள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ஷேடு ஒருபோதும் போதாது. மனிதத் தோல் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. இரண்டு மூன்று ஷேடுகளைப் புறங்கையில் குழைத்து, ஸ்பாஞ்சால் தேய்க்காமல் குத்திக் குத்தி வைத்தேன். கொஞ்சம் செம்மை, அதன் மேல் கொஞ்சம் மஞ்சள் கூடியது. சுற்றியிருந்த தோலில் இருந்த சின்னச் சின்னப் புள்ளிகளைப் போலவே பழுப்புப் பென்சிலால் இரண்டு மூன்று வைத்ததும் அந்த இடம் தோலாகிவிட்டது. பவுடரை அழுத்தி வைத்துப் பத்து நிமிடம் விட்டு உதிர்த்தேன். உதட்டோரத்துக்கு மட்டும் சாப்பிட்ட பின் ஒருமுறை தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் டப்பாவில் கொடுத்தேன். விரல்களுக்கு வந்தபோது, "கை வேணாம்மா, எலையில பரிமாறணும், கழுவிக் கழுவிப் போயிடும்" என்றார். சரியாகச் சொன்னார், விரலில் எந்த மேக்கப்பும் நிற்காது. வெள்ளைப் பகுதி வெயிலில் சீக்கிரம் பொசுங்கும் என்பதால் சன்ஸ்க்ரீனை மட்டும் கைக்குத் தடவி அனுப்பினேன்.

இந்த வேலைக்கு வெளிநாட்டில் ஒரு வரலாறே உண்டு. முகத்தில் பிறவிச் செம்மச்சத்தோடு பிறந்த லிடியா ஓ'லியரி என்ற அமெரிக்கப் பெண், தன் மச்சத்தை மறைக்கத் தானே ஒரு கிரீமைச் செய்து, கவர்மார்க் என்ற பெயரில் விற்று, 1932-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் பல ஆண்டுகள் தன் தொண்டர்களை வைத்துத் தழும்பை மறைக்கும் முறையை இலவசமாகக் கற்றுக்கொடுத்தது. தீக்காயம், விபத்துத் தழும்பு, வெண்புள்ளி என்று வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு மேசை நம் ஊரிலும் வேண்டும். என்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டால் வருவோம்.

இனி சொல்லப்போவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. மங்கு மறையவும் நிறம் கூடவும் என்று தெரிந்தவர், மருந்துக்கடைக்காரர், தோழி சொல்லிப் பெண்கள் வாங்கிப் போடுகிற கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். அதுதான் பொறி. மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வலைபோல் தெரிந்து, ரோமம் வளர்ந்து, பரு வெடித்து, நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் தாங்க முடியாமல் மறுபடி அதையே போட வைக்கும். இதற்கென்றே தோல் மருத்துவர்கள் ஒரு நோய்ப்பெயர் வைத்தார்கள், இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் ஒரு பணிக்குழுவே அமைத்துப் போராடியது. 2018-இல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம்கள் இன்னொரு பக்கம். 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்களிடம் விசாரித்தபோது காரணம் முகப்பூச்சு கிரீம் என்று தெரிந்தது. நம் நாட்டு விதியின்படி முகப்பூச்சில் பாதரசம் தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தயாரித்த ஊரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவில் அந்த விதியை யார் பார்த்தார்கள்?

ஸ்டீராய்டு தின்ற முகத்தைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும். கன்னம் சிவந்து கண்ணாடித்தாள்போல் இருக்கும், திரவக் கன்சீலர்கூடச் சுருக்கென்று எரியும். அந்தப் பெண்ணுக்கு நான் எதுவும் விற்பதில்லை, பூசுவதும் இல்லை. டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு கோரிமேட்டில் ஜிப்மர் தோல் பிரிவுக்குப் போகச் சொல்வேன். டியூபை வீட்டில் ஒளித்துவிட்டுப் போகாதே, டாக்டரிடம் காட்டு என்று இரண்டு தடவை சொல்வேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அதிகமில்லை. தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி. திறந்த டப்பா படத்துக்குள் 6, 12, 24 என்று எண் இருந்தால் திறந்த பிறகு அத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். தண்ணீர் கலந்த திரவம் சீக்கிரம் கெடும், ஸ்டிக் கூடுதல் நாள் தாங்கும். வாசனை மாறினாலோ எண்ணெய் தனியாகப் பிரிந்தாலோ எண்ணைப் பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். இன்னொருவர் கன்சீலரின் குச்சியைக் கண்ணுக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். மெட்ராஸ் ஐ பரவுகிற மாதங்களில் ஹாஸ்டல் அறைகளில் ஒரே கன்சீலரும் ஒரே காஜலும் சுற்றுகின்றன. பார்லரில் உங்களுக்குப் போடுகிறவர் குச்சியை நேராக முகத்தில் வைத்தால், தட்டில் எடுத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இரவு துடைக்காமல் தூங்கக் கூடாது. ஸ்டிக்கை வெறும் சோப்பு எடுக்காது, எண்ணெயோ கிளென்சிங் பாமோ வைத்துக் கரைத்த பிறகு கழுவ வேண்டும். தேங்காய் எண்ணெயில் எடுப்பவர்கள் அதையும் முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும்.

மங்கு உள்ளவர்களுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. மங்கைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் நம் போன்ற தோலைக் கறுக்க வைக்கிறது. சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன் தடுக்கும். கன்சீலருக்கு நிறம் தருகிற அதே இரும்புதான். அதனால் மங்கு உள்ளவர்கள் தினசரி கன்சீலருக்குச் செலவு செய்வதைவிட, தங்கள் நிறத்துக்குப் பொருந்துகிற நிறமுள்ள சன்ஸ்க்ரீன் ஒன்றை வாங்கிப் பகலில் போட்டுக்கொள்வது மேல். மறைப்பதும் காப்பதும் ஒன்றாக நடக்கும். மருந்து, உணவுப்பொருள் யூனிட்களில் உள்ளே மேக்கப்புக்கு அனுமதி கிடையாது, அங்கே வேலை பார்க்கிறவர்கள் போகவர வெயிலில் இருக்கிற நேரத்துக்குத் துப்பட்டாவும் குடையும்தான் பிடிக்க வேண்டும்.

போன வாரம் ஒரு பெண் வெளுப்பு ஷேடில் புதுத் திரவக் கன்சீலர் வாங்கி வந்து, வீணாகிவிட்டதே என்று கலங்கி நின்றாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அதை எறிய வேண்டாம் என்றேன். அதே நிறுவனத்தில் மூன்று படி ஆழ்ந்த ஷேடில் சின்ன டியூப் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். ஒரு துளி அது, இரண்டு துளி இது என்று அவள் புறங்கையில் குழைத்து, வாசலுக்குக் கூட்டிவந்து தாடையில் இழுத்தோம். கொஞ்சம் மஞ்சள் குறைந்தது. அளவை மாற்றி மறுபடி குழைத்தோம். கோடு காணாமல் போனதும், அந்த அளவை அவளே போனில் எழுதி வைத்துக்கொண்டாள்.